பிளண்டர்பஸ் கட்டிய பத்து மாதமும் பிசகிய மூன்று மில்லிமீட்டரும்

போன சனிக்கிழமை, நானே கட்டிய பிளண்டர்பஸ் துப்பாக்கியின் விசையை 25 முறை இழுத்தேன். 22 முறை வெடித்தது. ஜூன் மாதம் முதன்முதலாக மைதானத்துக்குக் கொண்டுபோன நாளில் இதே 25-க்கு 9 முறைதான் வெடித்தது. இடையில் என்ன செய்தேன் என்பதை, கரி அப்பிய குறிப்பேடு பக்கத்தில் இருக்கும்போதே எழுதி வைத்துவிட நினைக்கிறேன்.

பிளண்டர்பஸ் என்பது புனல் மாதிரி வாய் விரிந்த குட்டைத் துப்பாக்கி. டச்சு மொழியில் 'டோண்டர்புஸ்', அதாவது இடித் துப்பாக்கி என்ற பெயர் ஆங்கிலத்துக்கு வந்து இப்படித் திரிந்தது. இங்கிலாந்தில் 1784-இல் ஜான் பாமர் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்குத் தபால் வண்டி ஓட்டத் தொடங்கிய பிறகு, அந்த வண்டிகளின் காவலர் கையில் இருந்தது இதுதான். அமெரிக்காவில் ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் 1804-இல் மிசௌரி ஆற்றில் கிளம்பியபோது படகில் பொருத்தி எடுத்துப் போனதிலும் பிளண்டர்பஸ் உண்டு. நான் இருப்பது ஒஹாயோவில். இந்தியானாவின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூர் இங்கிருந்து பக்கம்தான். 1933-இல் தொடங்கிய தேசிய மஸில் லோடிங் (குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும்) ரைஃபிள் சங்கத்தின் மைதானம் அங்கே இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அங்கே வேடிக்கை பார்க்கப் போனவன்தான். சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறந்து, வெள்ளைப் புகை மொத்தமாக எழும்பியதைப் பார்த்ததிலிருந்து இது மனதை விட்டுப் போகவில்லை.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே 1968-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் கல் பொறியால் வெடிக்கும் இந்த மாதிரி நகல்களைப் பழம்பொருள் வரிசையில் வைக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், விசாரித்துக்கொண்டே வாங்கினேன். இந்தியாவில் குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். அங்கிருந்து படிப்பவர்கள் இதை ஒரு தச்சு வேலை, இரும்பு வேலைக் குறிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் கிட் பெட்டி வந்தது, அதாவது பாகங்களை நாமே செதுக்கிப் பொருத்திக்கொள்ளும் தொகுப்பு. விலை 520 டாலர். உள்ளே 16 அங்குல எஃகுக் குழல், முரட்டு வடிவில் செதுக்கிய வால்நட் கட்டை, பூட்டு (கல்லை எஃகுத் தகட்டில் அடித்துப் பொறி எழுப்பும் பகுதி), விசை, பித்தளையில் வார்த்த அடித்தகடும் விசைக்காப்பும், ஒரு பை நிறைய திருகு. குழலின் உள்விட்டம் வெர்னியரில் 18.5 மில்லிமீட்டர் காட்டியது, 12 கேஜ் என்ற துப்பாக்கிக் குழல் அளவுக்குக் கிட்டத்தட்ட. வாய் விரியும் இடத்தில் வெளிவிட்டம் சரியாக 2 அங்குலம். '90 சதவீதம் குடைந்து முடித்தது' என்று பெட்டியில் எழுதியிருந்தது. மிச்சம் இருந்த 10 சதவீதம்தான் குளிர்காலம் முழுவதையும் வாங்கிக்கொண்டது.

குழலை மரத்தில் உட்கார வைப்பது முதல் வேலை. எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இரும்பில் மை தடவி மரத்தில் அழுத்தி எடுத்தால் இடிக்கிற இடத்தில் மட்டும் மை ஒட்டும், அதை மட்டும் சீவ வேண்டும். இதற்கென்றே கடையில் ஒரு கருப்பு மசகு விற்கிறார்கள். அதை வாங்கித் தடவினேன். சட்டை, கதவுப் பிடி, கார் ஸ்டியரிங் என்று எல்லா இடத்துக்கும் பரவியது, மரத்தில் மட்டும் தெளிவாகப் பதியவில்லை. அம்மா கண்மை எடுத்த விதம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அகல் விளக்கில் விளக்கெண்ணெய் ஊற்றித் திரி போட்டு, மேலே தட்டைக் கவிழ்ப்பார். நான் தட்டுக்குப் பதில் குழலின் அடிப்பக்கத்தையே சுடர் மேல் காட்டினேன். வெறும் இரும்புக் குழல், மருந்து வாங்கியதே அடுத்த ஜூனில்தான். இரண்டு நிமிடத்தில் பட்டு மாதிரி மெல்லிய கரி படிந்தது. "என்னங்க, கராஜுல விளக்கு ஏத்தி வெச்சிருக்கீங்க, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே வந்த மனைவி, கரி படிந்த குழலைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் பழைய பருத்தித் துணி ஒரு கட்டு கொண்டுவந்து வைத்தார்.

அதற்கப்புறம் வேலை ஒரு தாளத்துக்கு வந்தது. கரி காட்டு, குழலை மரத்தில் வை, கொட்டாப்புளியால் மேலே இரண்டு தட்டு, எடு, பார். மரத்தில் அரிசி அளவுக்கு ஒரு கரும்புள்ளி தெரியும். கால் அங்குல உளியை ஏறக்குறைய படுக்க வைத்து அந்தப் புள்ளியை மட்டும் சுரண்ட வேண்டும். உரிந்து வரும் சுருள் ஊதினால் பறக்கிற அளவுக்கு மெலிதாக இருக்க வேண்டும், அதைவிடத் தடித்தால் அதிகம் எடுக்கிறோம் என்று அர்த்தம். ஒரு மாலைக்கு முப்பது நாற்பது தடவை இப்படி. ஆறாவது மாலையில் குழல் முழு நீளத்துக்கும் ஒரே சீராகக் கருப்பு பதித்தது.

சரி, இனி பூட்டு. பெரிய தவறு நடந்தது இங்கேதான்.

பூட்டில் ஒரு சின்னக் கிண்ணி இருக்கிறது. அதில் பற்றுமருந்து வைப்போம். கிண்ணிக்கு நேராகக் குழலின் பக்கவாட்டில் ஒரு துளை, பழைய தமிழில் பற்றுவாய். கிண்ணியில் பற்றும் தீ அந்தத் துளை வழியாக உள்ளே போய் முதன்மை மருந்தைப் பற்ற வைக்கும். என் கிட்டில் அந்தத் துளை போடப்படவில்லை, நானே அளந்து போட வேண்டும். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் திருகுக்கட்டை உள்ளே எந்த இடத்தில் முடிகிறதோ, அதற்குச் சற்று முன்னால் துளை விழ வேண்டும். அளப்பது எளிது. சலாகையை, அதாவது மருந்தைக் கெட்டிக்கும் நீளக் கோலை, அடி வரை விட்டு, வாயருகே கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே கோட்டை வைத்துப் பார்த்தால் சலாகையின் நுனி எங்கே வருகிறதோ அதுதான் அடைப்பின் முகம்.

அளந்தேன். துளை விழ வேண்டிய இடம் கிண்ணியின் நடுவிலிருந்து 3 மில்லிமீட்டர் முன்னால் வந்தது. திரும்ப அளந்தேன். அதே 3. நான்கு நாள் தள்ளிப்போட்டு, வேறொரு மரக்கோலை வைத்து அளந்தேன். அப்போதும் 3. கிட் தயாரித்தவர்கள் பூட்டுக்கான பள்ளத்தைத் தப்பான இடத்தில் குடைந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். பள்ளத்தின் முன்விளிம்பில் உளியை வைத்துப் பூட்டை முன்னே தள்ள வெட்டத் தொடங்கினேன். 2 மில்லிமீட்டர் வெட்டிய பிறகு கை தானாக நின்றது. குழலுக்குள் ஒரு தடவைகூட விளக்கடித்துப் பார்க்கவில்லையே என்று தோன்றியது.

சிறிய எல்இடி விளக்கை நூலில் கட்டி உள்ளே விட்டேன். அடியில் பளபளக்க வேண்டிய எஃகு முகம் மங்கிய மஞ்சளாகத் தெரிந்தது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கவிழ்த்ததும் மெழுகுத் துண்டு போல ஒரு வில்லை வந்து விழுந்தது. துருப் பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் தடவிய கிரீஸ், அடியில் தேங்கிக் கெட்டியாகியிருக்கிறது. அதன் தடிமனை அளந்தேன். 3 மில்லிமீட்டர்.

திரும்ப அளந்தபோது துளை கிண்ணியின் நடுவில் நச்சென்று உட்கார்ந்தது. வெட்டிய 2 மில்லிமீட்டர் இடைவெளியை அடைக்க, கட்டையின் வாலில் அறுத்து எறிந்த துண்டிலிருந்து ஒரு சில்லு எடுத்தேன். மரத்தின் நார் ஓடும் திசை ஒத்துப்போகிற மாதிரி திருப்பி வைத்து, பசை போட்டு இறுக்கினேன். எண்ணெய் பூசிய பிறகு மற்றவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் தெரிகிறது.

துளையின் மையம் கிண்ணியின் மேல்விளிம்பு மட்டத்துக்கு இருக்கும்படி வைத்து, குழலை வி-வடிவத் தாங்கியில் கட்டி, டிரில் பிரஸ்ஸில் 1/16 அங்குல பிட்டால் போட்டேன். விசையை இழுத்தால் பூட்டு விடாமல் சிக்கியது. உள்ளே ஒரு நெம்புகோல் மரத்தில் உரசிக்கொண்டிருந்தது, மறுபடி விளக்குக் கரியை வைத்துக் கண்டுபிடித்து ஒரே மாலையில் சரி செய்தேன்.

கட்டையை மர அரத்தால் மெலிவித்து, உப்புத்தாளில் 120, 180, 220 என்று ஏறி, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஈரத்துணியால் துடைத்து நார் எழும்ப விட்டு மறுபடி தேய்த்தேன். பிறகு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், கையாலேயே சூடு பறக்கத் தேய்த்து எட்டுப் பூச்சு, பூச்சுக்கு இரண்டு நாள் இடைவெளி. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடக் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வேலியில் விரித்துக் காய வைத்தேன்.

குழலுக்குக் கருநீலம் வேண்டாம், பழைய பழுப்பே வேண்டும் என்று நினைத்தேன். பழுப்பு என்பது கட்டுப்படுத்திய துருதான். குழலை அசிட்டோனால் துடைத்து, துருவேற்றும் பழுப்புக் கரைசலை ஒரே இழுப்பில் பூசி, அடியில் வெந்நீர்த் தட்டு வைத்த மரப்பெட்டியில் தொங்கவிட்டேன். மூன்று மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத் துரு பூத்தது. ஸ்டீல் உல்லால் லேசாகத் தேய்த்து மறுபடி பூச்சு. ஆறு சுற்று. மூன்றாவது சுற்றில் கையுறை போடாமல் பிடித்ததில் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து, அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப உரித்துச் செய்தேன். கடைசியில் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவினால்தான் துரு நிற்கிறது, இல்லாவிட்டால் அது பாட்டுக்கு உள்ளே தின்றுகொண்டே போகும்.

ஜூனில் மைதானம். முதல் வெடியைக் கையில் பிடித்துச் சுடவில்லை. மைதானப் பொறுப்பாளர் கூடவே நிற்க, பழைய லாரி டயரில் துப்பாக்கியைக் கட்டி, விசையில் 30 அடிக் கயிறு போட்டு இழுத்தேன். கருமருந்து மட்டும்தான், இன்றைய புகையில்லா மருந்து இதற்குள் போனால் குழல் கிழியும். முதல் மூன்று வெடிக்கும் பிறகு அடைப்பின் திருகையும் துளையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அப்புறம்தான் தோளில் வைத்தேன்.

60 கிரெயின் எடை இரட்டை எஃப் மருந்து (எஃப் கூடக் கூடப் பொடி நைசாகும்), மேலே அட்டைத் தக்கை, 1 அவுன்ஸ் 6-ஆம் எண் ஈய ரவை, மேலே இன்னொரு மெல்லிய அட்டை. கையேட்டில் சொன்ன வரம்புக்குள்தான் இது. மருந்தை, அதை வைத்திருக்கும் கொம்புக் குப்பியிலிருந்து நேராக ஊற்றாமல் தனி அளவுக்குழாயில் அளந்தே ஊற்றினேன், உள்ளே கனல் ஏதும் மிஞ்சியிருந்தால் வெடிப்பது அந்த 60 கிரெயினோடு நிற்கும். வெடிக்காமல் போன ஒவ்வொரு முறையும் வாயை இலக்கின் பக்கமே வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணினேன்.

அன்று அப்படி 16 நிமிடம் எண்ண வேண்டி வந்தது. 11 முறை பொறியே சரியாக வரவில்லை. 5 முறை கிண்ணியில் மட்டும் பளிச்சென்று எரிந்து உள்ளே தீ போகவில்லை.

கல்லைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கருப்பு ஆங்கிலக் கல் ஆறு வாங்கினேன், ஒவ்வொன்றும் இரண்டரை டாலர். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படைக்குக் கல் போனது சஃபோக்கில் உள்ள பிராண்டன் என்ற ஊரிலிருந்து, அதே வகைக் கல். சாய்வு மேலே, சாய்வு கீழே, தோல் சுற்றி, ஈயம் சுற்றி என்று எல்லா விதமாகவும் மாட்டிப் பார்த்தேன். கல் தேய்ந்ததே தவிரப் பொறி கூடவில்லை. வந்த பொறியும் மங்கிய சிவப்பில், கிண்ணிக்கு வந்து சேருவதற்குள் அணைந்தது. மைதானத்துக்கு வாரா வாரம் வரும் எழுபது வயது தாண்டிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். பூட்டைக் கையில் வாங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து, கல் உரசும் எஃகுத் தகட்டின் ஓரத்தில் ஒரு இழு இழுத்தார். அரம் கடித்தது. "தம்பி, இது பழுக்கக் காய்ச்சாத இரும்பு. கல் மேல் பழி போடாதே" என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கடினமான எஃகாக இருந்தால் அரம் கண்ணாடி மேல் போவது போல வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

தகட்டைத் தனியே கழற்றி, செங்கல் இரண்டை எல் வடிவில் வைத்து, கேஸ் டார்ச்சால் சூடேற்றினேன். கம்பியில் கட்டிய காந்தத்தை அடிக்கடி காட்டிக்கொண்டே இருந்தேன். செக்கச் சிவந்து, காந்தம் ஒட்டாமல் போன பிறகும் பத்து விநாடி பிடித்து, வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் முக்கினேன். கராஜ் முழுக்க வடைச்சட்டிப் புகை. இப்போது அரம் வழுக்கியது. அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும் என்று பெரியவர் எச்சரித்திருந்தார். சமையலறை ஓவனில் 375 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 190 செல்சியஸில், ஒரு மணி நேரம் வைத்தேன். மினுக்கித் தேய்த்திருந்த இடம் வைக்கோல் நிறத்துக்கு மாறியது. மாட்டி, மருந்தில்லாமல் இருட்டில் ஒரு தட்டு. வெள்ளைப் பொறி பூவாணம் மாதிரி சிதறிக் கிண்ணிக்குள் சீறிக்கொண்டு இறங்கியது. மகளைக் கூப்பிட்டு இன்னும் ஐந்து முறை தட்டிக் காட்டினேன்.

உள்ளே தீ போகாத அந்த 5 முறைக்குக் காரணம் வேறு. கழுவிவிட்டுப் பூசிய எண்ணெய் குழலின் அடியில் தங்கி, துளையை அடைத்திருந்தது. இப்போது கெட்டிப்பதற்கு முன் காய்ந்த துணியை அடி வரை விட்டுத் துடைக்கிறேன், துளையில் கம்பி விட்டுப் பார்க்கிறேன். துளையையும் 1/16-லிருந்து 5/64 அங்குலமாகப் பெரிதாக்கினேன். கிண்ணியை நிரப்புவதை நிறுத்தி மூன்றில் ஒரு பங்கு நான்கு எஃப் பொடி மட்டும் வைக்கிறேன். விசை இழுப்பதற்கும் வெடிப்பதற்கும் நடுவில் கேட்ட 'ஸ்ஸ்' சத்தம் இதில் ஏறக்குறைய போய்விட்டது.

வெடிக்கத் தொடங்கியதும் நான் பார்க்க ஆசைப்பட்டது அந்த விரிந்த வாய் என்ன செய்கிறது என்பதை. ரவையை விசிறி மாதிரிப் பரப்பத்தான் அது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான்கடிக்கு நான்கடி காகிதம் கட்டி, 15 கெஜத்தில் மூன்று வெடி வைத்தேன். பரவல் 24, 25, 23 அங்குலம். பிறகு நண்பரின் நேர்வாய் 12 கேஜ் மருந்துத் துப்பாக்கியில் அதே மருந்து, அதே ரவை. 23, 24, 23. ஒரு அவுன்ஸில் 225 சொச்சம் ரவை, துளைகளை எண்ணிப் பார்த்ததிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை. குழலின் நேர்ப்பகுதியை விட்டு வெளியே வரும்போதே ரவையின் போக்கு முடிவாகிவிடுகிறது, விரிந்த பகுதியின் சுவரை அது தொடுவதேயில்லை.

ஆனால் கெட்டிக்கும்போது அந்த வாயின் அருமை தெரிகிறது. காற்றடிக்கும் மைதானத்தில் ரவையை ஒரு மணி சிந்தாமல் ஊற்றினேன். குலுங்கும் வண்டியிலும் ஆடும் படகிலும் நின்றவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! தொல்லை தக்கையில்தான். விரிந்த இடத்தில் அட்டை சாய்ந்து செங்குத்தாக நின்றுகொள்ளும். விரலால் நேர்ப்பகுதியின் விளிம்பு வரை கொண்டுபோய்ப் படுக்க வைத்து, பிறகுதான் சலாகையால் தள்ள வேண்டும். தலை ஒருபோதும் வாய்க்கு மேலே போகாதபடி பக்கவாட்டில் நின்று இதைச் செய்யப் பழகுவதற்கே ஒரு நாள் ஆனது. ஆணி, கண்ணாடிச் சில்லு போட்டுச் சுட்டார்கள் என்ற கதையை நான் சோதிக்கவில்லை, என் குழலில் கீறல் விழ மனமில்லை.

செலவு: கிட் 520, உளியும் அரமும் 95, பழுப்புக் கரைசல் 14, எண்ணெய் 18, கல் 15, மருந்து ஒரு பவுண்டு 30, அட்டைத் தக்கை, ரவை எல்லாம் சேர்த்து 60. மொத்தம் 752 டாலர். நேரம், குறிப்பேட்டில் கூட்டிப் பார்த்தால் 88 மணி.

அடுத்த கிட் வாங்கினால் பெட்டியைப் பிரித்த அன்றே குழலுக்குள் வெந்நீர் ஊற்றுவேன், அதே நாளில் தகட்டின் ஓரத்தில் அரத்தை இழுத்துப் பார்ப்பேன். இந்த இரண்டும் சேர்த்து இருபது நிமிட வேலை. பற்றுவாயை வெறும் துளையாக விடாமல், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும்படி திருகி மாட்டும் லைனராகப் போடுவேன். கட்டையை எண்ணெய் பூசி மினுக்குவது கடைசி வேலையாக இருக்கும். இந்த முறை மினுக்கிய கட்டையோடுதான் பூட்டை எட்டுத் தடவை கழற்றி மாட்டினேன், திருகுத் தலையைச் சுற்றி இரண்டு கீறல் விழுந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, குழலைக் கழற்றி, வாளியில் வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் விட்டுக் கழுவினேன். கருமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும், ஒரு இரவு விட்டாலும் துரு பிடிக்கும். நான்காவது வாளித் தண்ணீர்தான் தெளிந்தது. தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெருவில் அடிக்கும் அதே கந்தக வாசம் கையிலிருந்து இன்னும் முழுசாகப் போகவில்லை. எண்ணெய் பூசியபின் துப்பாக்கியை வாய் கீழே இருக்கும்படி நிறுத்த வேண்டும், அப்போதுதான் எண்ணெய் பின்னால் இறங்கிப் பற்றுவாயை அடைக்காது, கட்டையிலும் ஊறாது. மற்ற துப்பாக்கிகளுக்கு இதற்குத் தாங்கி வேண்டும். இது அந்த அகன்ற வாயை ஊன்றி, செய்தித்தாள் மேல், சுவரில் லேசாகச் சாய்ந்தபடியே நிற்கிறது. காலையில் எடுத்தபோது காகிதத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வளையம், பழுப்பில்லாமல் சுத்தமான எண்ணெய் நிறத்தில் இருந்தது.